ஆள்காட்டி விரல் கிழிசல்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற நாங்கள் கையுறை மாட்டியதும், அதன் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் நகத்தால் கிழித்துவிடுவோம். ரப்பருக்கு மேல் தடவினால் நரம்பு பிடிபடாது. காலையில் வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும். ஒரே குத்தில் எடுத்தால்தான் அது நகரும். நான் ஒரே குத்தில் எடுப்பேன். மற்றவர்கள் தேடிக் களைத்த கைகளை என்னிடம் அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஒரே குத்தில் எடுப்பவள் என்ற பெயர் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெயிலில் காய்ந்த கை, உள்ளே ஓடி ஒளியும் நரம்பு. வெறும் விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினேன். அவர் இருமினார். கை துள்ளியது. வெளியே வந்த ஊசி என் விரல் நுனியில் ஏறியது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே நின்றேன். பக்கத்து நாற்காலி அக்கா, என்னைவிட மூத்தவர், மெதுவாகச் சொன்னார்: "கழுவிட்டு வந்து வேலைய பாரு. வெளிய சொன்னா, கிளவுஸ ஏன் கிழிச்சன்னு உன்னதான் மொதல்ல கேப்பாங்க."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைத்தான் முதலில் கேட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை.

பெரியவரிடம் சம்மதம் கேட்டு அவர் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். எச்ஐவி இல்லை. மஞ்சள் காமாலை தரும் பி வைரஸ் இருந்தது. அதற்கான தடுப்பூசியைக் கல்லூரியில் பாதியோடு விட்டிருந்தேன். உடனே ஊசிகள் போட்டார்கள். ஆனாலும் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி என்றார்கள்.

அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செங்கல்பட்டிலிருந்து படாளம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். கண்ணாடியில் இமையை இழுத்து இழுத்து, கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறதா என்று பார்த்தேன். இந்த வைரஸ் டம்ளரில் பரவாது. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவள் நான். இருந்தும் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அம்மா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடி இது? நாத்து நடப் போன வூட்ல எங்களுக்குத்தான் தனி டம்ளரு வெச்சானுங்க. நீ படிச்சிட்டு வந்து இப்ப எங்ககிட்டயே வெக்கிறியா?"

 எல்லாவற்றையும் சொன்னேன்: கிழிசல், இருமல், ஊசி. அம்மா என் விரலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு தழும்புகூட இல்லை.

"இதுல ஒட்டாதுன்னு நீதான படிச்சிகீற?"

"ஆமா."

அம்மா, கையிலிருந்த என் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு, ஆறிப்போய்விட்டது என்று குறை சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மறுபரிசோதனைக்கு என் ரத்தத்தை யாராவது எடுக்க வேண்டும். அன்று காலை லேபில் இருந்தவர் அந்த அக்கா மட்டும்தான். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர் புதுக் கையுறை மாட்டினார். பழக்கத்தில் நகம் விரல் நுனிக்குப் போனது.

"கிழிக்காதீங்கக்கா."

"எனக்குக் கெடைக்காதுடி."

"ரெண்டு தடவ குத்துங்க."

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் குழாய் நிறைந்தது. அக்கா மூச்சை விட்டார், நானும்.

குழாயில் என் பெயரை எழுதி மற்றவர்களின் குழாய்களோடு வைத்தேன். முடிவு சாயங்காலம்தான் வரும். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டபடி இருந்தது. என் நாற்காலிக்கு வந்து, கிழிக்காத கையுறையோடு அடுத்தவரைக் கூப்பிட்டேன். வந்த பெண்மணிக்கு இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. புதுப் பொண்ணா என்று அவர் பின்னால் நின்றவரிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த கையுறையை எடுத்தேன்.