கம்பஸ் வேலையும் பத்து அடி வரம்பும்

பாடசாலைப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் மூத்தவள் 'பல்கலைக்கழகம்' என்று எழுதிவிட்டு வந்தாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ரீச்சர் எனக்கு மட்டும் ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

"சேர் அங்க என்ன பாடம் படிப்பிக்கிறீங்கள்?"

"மண்வெட்டி" என்றேன்.

புதிதாக வந்த பாடம் ஏதும் என்று நினைத்தாரோ தெரியாது, மரியாதையாகத் தலையை ஆட்டினார். அதனால்தான் நடந்ததை நடந்தபடி உங்களுக்கு எழுதி வைக்கிறேன் பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை கண்டால் திருத்துங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குப் பண்ணைத் தொழிலாளர் வேண்டும் என்ற விளம்பரம் உங்கள் அம்மாவின் போனுக்குத்தான் முதலில் வந்தது. எட்டாம் வகுப்பில் சித்தியடைந்திருத்தல், நல்ல தேகாரோக்கியம், முடிவுத் திகதியன்று வயது நாற்பத்தைந்துக்கு மேற்படாதிருத்தல். எனக்கு நாற்பத்தைந்து முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"இதுக்குப் பிறகு உங்களை வேலைக்குக் கூப்பிடுறதெண்டா சுடலைக்குத்தான் கூப்பிடுவினம்," என்றா அம்மா. "விண்ணப்பம் போடுங்கோ."

அவா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒரு வருடக் காலபோக நெல் வெள்ளத்தோடு போனது. அடுத்த வருடத்து நெல் தண்ணீர் இல்லாமல், கதிர் தள்ளமுதல் பொத்தியிலேயே கருகியது. வானத்தை அண்ணாந்து பார்க்காமல் மாதம் முடியச் சம்பளம் வருகிற ஒரு வேலை என்பதுதான் அந்த நாட்களில் வீட்டில் ஒரே கதை. எனக்கு அதற்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு விண்ணப்பம்.

படித்ததற்கு அத்தாட்சி என்னிடம் இருந்தது. என் பாடசாலை விடுகைப் பத்திரம் ஒரு சொப்பிங் பையில் சுற்றியபடி எங்களோடு எத்தனையோ இடம் பெயர்ந்து, எங்களை விடச் சுகமாகத் திரும்பி வந்தது. அதில் 'ஒழுக்கம்: நன்று. படிப்பு: முயற்சி தேவை' என்று இருக்கிறது. இனி நீங்கள் குறைந்த புள்ளி எடுத்து வரும்போது நான் கத்தினால் அதை எடுத்துக் காட்டலாம்.

சிக்கல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. விண்ணப்பதாரியை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். எங்கள் குடியேற்றத் திட்டத்தில் உறவினர் அல்லாத இருவரை எங்கே பிடிப்பது? யாழ்ப்பாணத்தில் ஒரே குறிச்சியிலிருந்து லொறி ஏறி வந்த ஆட்கள். வந்த பிறகும் தூரம் போகப் பஞ்சிப்பட்டுப் பக்கத்து வளவுக்குள்ளேயே கலியாணம் கட்டினார்கள். அதிபர் அம்மாவின் சித்தப்பா. கூட்டுறவுச் சங்க மனேச்சர் என் மச்சான். சமாதான நீதவான் இரண்டு பக்கத்தாலும் உறவு, இரண்டு பக்கத்தோடும் கோபம். கடைசியில் கோயில் ஐயர் ஒருவர் அகப்பட்டார். மற்றவருக்கு என் கண் வேலிக்கு அங்கால் போனது.

பக்கத்துக் காணிக்காரர். நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர்தான். அவருடைய தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிய மனிதர். எங்கள் ஆட்கள் அந்த வீட்டோடு தண்ணீர் முறை பேசுவார்கள், உழவு மிஷின் பேசுவார்கள், கலியாணம் மட்டும் பேசமாட்டார்கள். அந்தப் பெருமையால் ஊருக்கு இதுவரை கிடைத்த ஒரே பிரயோசனம் எனக்குத்தான் கிடைத்தது. அவர் எனக்கு உறவில்லை.

அவர் படிவத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"அண்ணே, இந்த வேலைக்கு நானும் போடலாமா?"

"உமக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தெட்டு."

இல்லை, இது எங்கள் மாவட்ட ஆட்களுக்கு மட்டும் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. அவரும் அதே மாவட்டம்தான் என்பது பிறகுதான் உறைத்தது. "போடும்," என்றேன்.

"அப்ப எனக்கும் சொந்தக்காரன் இல்லாத ஒரு ஆளு கையெழுத்து வைக்கணுமே," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்படித்தான் ஒரே வேலைக்குப் போட்டி போட்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நற்சான்று கொடுத்தோம். சந்தியில் போட்டோக் கொப்பி எடுக்கும் கடைப் பிள்ளை எனக்கான கடிதத்தை அடித்தாள். பிறகு அதே கடிதத்தில் பெயர்களை இடம் மாற்றி அவருக்கும் எடுத்துத் தந்தாள். 'இவர் மது, புகைத்தல் அறியாதவர். எமது கிராமத்தில் இவரை விடக் கடும் உழைப்பாளி வேறு எவரும் இல்லை.' மது பற்றிய வரியைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்க வேண்டாம்.

பதிவுத் தபாலில் போட்டுவிட்டு ஏழு மாதம் இருந்தோம். அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. உள்ளுக்குள் ஆள் இல்லாமல் கிடைக்காது என்றார்கள். என் மச்சான் ஒருவர், தனக்கு ஒரு எம்பியின் சாரதியைத் தெரியும் என்றார். விசாரித்துப் பார்த்தால் அந்தச் சாரதியையே வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள்.

நேர்முகத்துக்கான கடிதம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போனோம். கனடாவிலிருந்து அம்மாவின் தம்பி அனுப்பிய நீளக் காற்சட்டையை நான் போட்டிருந்தேன். அது என் இடுப்புக்குத் தைத்ததல்ல. மூச்சை இழுத்துப் பூட்டிய பொத்தானை மாலைவரை கழற்றுவதில்லை என்ற முடிவோடு பின்னால் ஏறினேன். எங்களுக்கு முன்னமே அங்கே நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லாரும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல உடுத்திக்கொண்டு, பெண் வீட்டார் இன்னும் வரவில்லை என்பது போல நின்றார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைமை சேர், அவருக்குப் பக்கத்தில் பண்ணைக்குப் பொறுப்பான சேர், கோப்புகளோடு ஒரு மேடம்.

"ஏன் பல்கலைக்கழகத்தில வேலை செய்ய விரும்புறீர்?" என்று தலைமை சேர் கேட்டார்.

இதற்கு அம்மா ஒரு பதிலைச் சொல்லித் தந்திருந்தா. 'உயர்கல்விக்கு என்னாலான சேவையைச் செய்ய' என்று. ஒரு கிழமையாக மாட்டுக்குப் புல் போடும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பழகியிருந்தேன். மாட்டுக்குப் பாடமாகியிருக்கும், எனக்கு ஆகவில்லை.

"மழை பெய்யாட்டிலும் சம்பளம் வரும் சேர்," என்றேன்.

மேடம் கோப்புக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார். பிறகு இரண்டு கடிதங்களை எடுத்து அருகருகே மேசையில் வைத்தார்.

"ஊரில உம்மை விடக் கடும் உழைப்பாளி இல்லை எண்டு இவர் எழுதியிருக்கிறார். அதே வசனத்தை நீர் இவருக்கு எழுதியிருக்கிறீர். ரெண்டும் உண்மையா இருக்கேலாது. எது பொய்?"

அவர் எழுதியது பொய் என்றால் நான் சோம்பேறி. நான் எழுதியது பொய் என்றால் நான் பொய்யன். இரண்டில் எதற்குக் குறைவாகப் புள்ளி வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டும் பொய் மேடம்."

"அப்ப ஊரில ஆர் கடும் உழைப்பாளி?"

"என்ர மனுசி."

"அவாவை அனுப்பியிருக்கலாமே," என்றார் தலைமை சேர்.

"அவா ஏழாம் வகுப்பு சேர். தகுதி காணாது."

பக்கத்துக் காணிக்காரர் எனக்குப் பிறகு உள்ளே போய் வந்தார். அவரிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். "நீர் என்ன சொன்னனீர்?" என்றேன். "அண்ணன் எழுதினது உண்மை, நான் எழுதினதுதான் பொய்ன்னு சொல்லிட்டேன்," என்றார். பகிடியா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், எல்லாரையும் பின்பக்கத்து வயலுக்கு வரச் சொன்னார்கள். செய்முறைப் பரீட்சை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆளுக்கொரு மண்வெட்டி தந்து, பத்து அடி நீளத்துக்கு வரம்பு கட்டச் சொன்னார் பண்ணை சேர். அரை மணித்தியாலம். பக்கத்துக் காணிக்காரர் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து ஒரு சாரத்தை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நீங்க கொண்டுவரலையா அண்ணே?"

"இன்டர்வியூவுக்கு ஆர் சாரம் கொண்டுவாறது?"

"பண்ணை வேலைக்கு ஆரு காற்சட்டை போட்டு வர்றது?"

அம்மாவின் தம்பி அனுப்பிய காற்சட்டை கனடாக் குளிருக்குத் தைத்தது, குனிவதற்கு அல்ல. நான் பாதி குனிந்து, பாதி நிமிர்ந்து, மண்ணை வெட்டாமல் சுரண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காணிக்காரர் இருபது நிமிடத்தில் தன் பத்து அடியை முடித்துவிட்டார். பண்ணை சேர் நாடா பிடித்து அளந்து, அவருடைய புள்ளியைக் குறித்துக்கொண்டு, வரிசையின் மற்றத் தொங்கலுக்குப் போனார். எனக்கு ஆறு அடிதான் ஆகியிருந்தது.

அப்போது பக்கத்துக் காணிக்காரர் என்னிடம் வந்தார். என் பத்து அடியின் மற்ற முனையில் நின்று வெட்டத் தொடங்கினார்.

எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரம்புதான். ஒவ்வொரு போகத்துக்கும் அவர் கிழக்கு முனையிலிருந்தும் நான் மேற்கு முனையிலிருந்தும் அதைக் கட்டிக்கொண்டு வருவோம். நடுவில் சந்தித்தால் வேலை முடிந்தது, பிளேன்ரீ குடிக்கலாம். அன்றும் கை தன் பாட்டில் அதையே செய்தது. சந்தித்தோம். அவர் மண்வெட்டியின் பின்பக்கத்தால் தன்னுடைய நாலு அடியையும் என்னுடைய ஆறு அடியையும் சேர்த்து மெழுகிவிட்டார். பிளேன்ரீ இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். பரீட்சை என்பது எனக்கு ஞாபகம் வந்தபோது பண்ணை சேர் எங்களுக்கு முன்னால் நின்றார்.

"இது ஆர்ட வரம்பு?"

"அண்ணனோடது சேர்," என்று பக்கத்துக் காணிக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

சேர் என்னைப் பார்த்தார். பாதி இவர் கட்டியது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"ஓம் சேர், என்ர," என்றேன்.

அவர் காலால் தட்டிப் பார்த்தார். மண் அசையவில்லை. "இஞ்ச வந்து பாருங்கோ, இதுதான் வரம்பு," என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கலியாணக் காற்சட்டைக்காரர் எல்லாரும் வந்து என் வரம்பைச் சுற்றி நின்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் நாங்கள் இரண்டு பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தோம்.

மழைக்கு முன் கடிதம் வந்தது. எனக்கு நியமனம். அவருக்குக் காத்திருப்புப் பட்டியல். அவர் தன் கடிதத்தோடு வேலியால் வந்து, எங்கள் குசினி வாசலில் நின்று இரண்டையும் ஒப்பிட்டு வாசித்தார்.

"என்னைய தோக்கடிச்சது ஆருன்னு பாத்தா, நானே தான் அக்கா," என்றார் அம்மாவிடம். "நாலு அடி சும்மாவா? அண்ணன் சம்பளத்துல நாலு அடிய அளந்து குடுத்துருங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. அவர் போன பிறகு என் முகத்தைப் பார்த்தா.

"என்ன, போய்ச் சொல்லப் போறியளோ?"

"சொல்லத்தானே வேணும்."

"அவர் கேக்கேல்ல. கம்பஸ் கேக்கேல்ல. நீங்கள் ஏன் வாயைத் திறக்கிறியள்? மூண்டு பிள்ளையளை வச்சுக்கொண்டு இனி எந்த வேலைக்கு எழுதிப் போடப் போறியள்?"

அவா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு நாற்பத்தைந்து முடிந்து மாதக் கணக்காகிவிட்டது. ஆனாலும் காலையில் பல் தீட்டும்போது வேலிக்கு அங்கால் அவரும் பல் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தில் விழிக்க வேண்டும்.

வேலைக்குப் போன முதல் நாள் கையெழுத்து வைத்தவுடன் பண்ணை சேரிடம் போனேன். செருப்பை வாசலில் கழற்றினேன். அது தேவையில்லை, பயத்தில் கழற்றியது.

"சேர், அண்டைக்கு அந்த வரம்பில நாலு அடி நான் கட்டேல்ல. காத்திருப்புப் பட்டியல்ல இருக்கிறவர் கட்டினது. வேலையை அவருக்குக் குடுக்கிறதெண்டா குடுங்கோ."

அவர் பேனையை மூடினார்.

"இதை என்னட்டச் சொல்லாதையும். நீர் சொன்னா நான் எழுதவேணும். எழுதினா விசாரணை வைக்கவேணும். விசாரணை வச்சா நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டு வரம்பு கட்டவேணும். இருக்கிற வரம்பே எங்களுக்குக் காணும். அங்க பாரும், பரிசோதனைப் பயிருக்க மாடு நிக்குது. போய்க் கலையும்."

போய்க் கலைத்தேன். உயர்கல்விக்கு நான் செய்த முதல் சேவை அது.

பின்னேரம் வந்து வேலியடியில் நின்று நடந்ததைச் சொன்னேன். பக்கத்துக் காணிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணே? நாலு அடிக்காக வேலைய விடப் பாத்தீங்களா? எனக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கு. அடுத்தவாட்டி போடுவேன், இல்லாட்டி அதுக்கு அடுத்தவாட்டி. உங்களுக்கு எங்க இருக்கு?"

"எனக்கு வயசு போட்டுது எண்டுதானே அண்டைக்கு வந்து கட்டினனீர்?" என்று கேட்டேன். இவ்வளவு காலமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"வயசா? உங்க வயச ஆரு அப்ப நெனச்சா? வரம்பு கோணலா போய்ட்டு இருந்துச்சு அண்ணே. நாய் மூத்திரம் போன மாதிரி. அத பாத்துக்கிட்டு ஒரு மனுசன் எப்படி சும்மா நிக்கிறது?"

இதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சேரிடம் போய்ச் சொன்னதையும் சொல்லவில்லை. நீங்கள் வாசித்துக் காட்டினால்தான் அவாவுக்குத் தெரியவரும். நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வாசியுங்கள்.