மூன்று ஓலையும் ஒரு சொல்லும்

என் அக்காவின் கல்யாணத்துக்கு ஓலை எழுதியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வீட்டில் எந்த மனு எழுதுவதென்றாலும் என் தலையில்தான் விடியும். கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்களின் விவரத்தை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை. எங்கள் கோயிலில் பெண்ணின் தொழிலையும் சேர்த்து வாசிப்பார்கள். மாப்பிள்ளைக்கு வத்தலக்குண்டு. அந்த ஊர்க் கோயிலிலும் நாங்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் வாசிப்பார்கள்.

அக்காவின் தொழில்தான் சிக்கல். அவள் ஒரு பெண்கள் பள்ளியில் ஒயிலாட்டமும் கும்மியும் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு முன்னால் எழுத்தறிவுப் பிரச்சாரக் கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சந்தையிலும் முச்சந்தியிலும் ஆடியவள். அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் டீச்சர் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

படிவத்தில் 'தொழில்' என்ற இடம் வந்ததும் அப்பா, "ஆசிரியைன்னு எழுது. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். "ஆட்டம் சொல்லிக் குடுக்குற ஆசிரியைன்னு எழுதுடா. பொய் சொல்லித்தான் என்னையக் கட்டிக் குடுக்கணும்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வருடம் கல்லூரியில் என் கட்டுரைக்கு நான் எடுத்திருந்த சொல்லே 'ஆட்டம்'தான். நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தேன். சின்னாளப்பட்டியில் கன்னடம் பேசும் நெசவாளர் வீட்டில் 'ஆட்ட' என்றால் விளையாட்டு. கர்நாடகத்தில் ஊர்த் திடலில் வேஷம் கட்டி ஆடுவதற்கும் அதுவே பெயர். பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பத்துக்கு 'ஆட்டபாட்ட' என்றால் ஆடலும் பாடலும். அக்காவின் பள்ளியிலிருந்த மலையாளக் கன்னியாஸ்திரி ஒருவர், அவர் ஊரில் கூத்து நடத்துவதற்கென்றே கோயிலுக்குள் தனி மண்டபம் உண்டு என்றார். எங்கள் தெருவிலோ கூத்து என்றால் வசவு. ஒரு பெண் ஆட்டம் போடுகிறாள் என்றால் அவளுக்குத் திமிர் என்று அர்த்தம். ஆனால் டான்ஸ் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார நாற்காலி போடுவார்கள். இங்கிலீஷ்காரனே அதைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்பது யாருக்குத் தெரியும்! இதையெல்லாம் நான் வகுப்பில் வாசித்துக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

"நடன ஆசிரியைன்னு போடட்டுமாக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நான் ஆடுறது நடனமாடா? உன் நோட்டுல எழுதிருக்கேல்ல, அதையே எழுது."

எழுதவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார். 'ஆசிரியை' என்று எழுதிக் கோயில் அலுவலகத்தில் கொடுத்தேன். அக்காவிடம், "நீ சொன்னபடியே எழுதிட்டேன்" என்றேன். அப்பாமீது பழியைப் போட்டுத் தப்பிக்க இன்றைக்கும் எனக்கு ஆசைதான். ஆனால் 'ஆட்டம்' என்ற சொல்லை அந்தத் தாளில் என் கையால் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓலை வாசிக்கிற பெரிய பூசைக்குக் கல்யாணப் பெண் வர மாட்டாள். விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு வந்துவிடுவாள். அந்த வழக்கத்தை நம்பித்தான் பொய் சொன்னேன். முதல் ஞாயிறு சாமியார் தாளை எடுத்தார். வாசித்தார், மடித்தார், முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "வாசிச்சப்ப யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களாடா?"

"இல்லக்கா."

"பாத்தியா? நீங்கதான் அம்புட்டுப் பயந்தீங்க." அன்றைக்கு முழுக்க அவள் சிரித்த முகமாக இருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு கோயில் வாசலிலிருந்து கூடவே வந்த பக்கத்து வீட்டு அம்மா, "ஒங்கக்கா எந்தப் பாடம் எடுக்குறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே எங்கள் வீட்டுப் படியில் அக்கா நின்றிருந்தாள். நான் காது கேட்காதவன் மாதிரி வேகமாக உள்ளே போய்விட்டேன். அந்த வாரம் முழுவதும் அவர் அக்காவிடம் பேச்சுக் கொடுக்கும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்லிக் குறுக்கே புகுந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன், தைரியம் வரவில்லை.

அதையும் மீறி அவர் அக்காவிடமே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார் போல. மூன்றாவது ஞாயிறு அக்கா விடிகாலையிலேயே பஸ் ஏறி வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாள். வழக்கமாவது ஒன்றாவது என்று, மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் கடைசி வரிசையில் நின்று தன் ஓலையைத் தானே கேட்டிருக்கிறாள். பூசை முடிந்ததும் நேரே மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், தாளில் இல்லாததைச் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் அக்காவும் மாப்பிள்ளையின் அம்மாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா சட்டையைத் தேடினார். கல்யாணம் நின்றது என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த அம்மா உட்காரக்கூட இல்லை. "எங்க ஊருச் சந்தையில இந்தப் புள்ள ஆடுறதப் பாத்துட்டுத்தான் எம் மகனுக்குக் கேக்கச் சொன்னேன் சம்பந்தி. நீங்க எதுக்கு மறைச்சீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கல்யாணம் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணப் பூசை முடிந்து கோயில் பதிவேட்டை மேசைமேல் விரித்தார்கள். பெண் பக்கத்துச் சாட்சி நான் என்று முன்பே பேசியிருந்தோம். நான் பேனாவைத் திறந்தேன்.

அக்கா சாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள். "இவன் வேணாம் சாமி. இவனுக்கு என்னையப் பத்தி உள்ளத எழுத வராது."

சித்தப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.