ஆமென் வரைக்கும் தாங்கும் கிளச்

ஆலங்குடாவில் ஜபாரின் ஜீப் வருவதை அறியக் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். மூக்கு போதும். கிளச் கருகும் வாடை முதலில் வரும். பின்னால் ஜீப் வரும். அதற்கும் பின்னால் ஜபாரின் பெருமை வரும். இந்த மணலில் இத்தனை வருடம் ஓட்டியும் ஒரு தரமாவது ஹேண்ட்பிரேக்கைத் தொட்டதில்லையாம் அந்த மாவீரர்! அதன் கேபிள் அறுந்து துருப்பிடித்துக் கிடக்கும்போது தொட்டுத்தான் என்ன பயன் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை. அவருடைய மனைவி ஷிஹாராவுக்கு மட்டும் இருந்தது.

கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று எழும்பினால் கடலோரத்துப் படகுகளை அலையில்லாத களப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டும். படகு முதலாளி இன்னாசித்தம்பிச் சம்மாட்டியாரின் படகுகள் அத்தனையையும் இழுப்பது ஜபாரின் ஜீப்தான். ஜபாரின் வீட்டு அடுப்பு வருடம் முழுவதும் எரிவது அந்த வேலையை நம்பித்தான்.

ஆனால் சம்மாட்டியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடற்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவின் நடுவில் புனித அன்னம்மாளின் சிலை வைத்த சிறிய சுருவக்கூடு இருக்கிறது. ஒவ்வொரு படகும் அங்கே நின்று, ஜெபம் முடிந்த பிறகுதான் கடலை விட்டுப் போகவேண்டும். பின்னால் படகு, நடுச்சரிவில் ஜீப். கால்பிரேக்கில் நிறுத்தினால் மறுபடி எடுக்கும்போது பாரம் பின்னுக்கு இழுத்துவிடும். ஆகவே ஜபார் அரைக் கிளச்சில் ஜீப்பைத் தாங்கிக்கொண்டு நிற்பார். இன்னொருவரின் தொழுகைக்கு நடுவே முன்னே போவது மரியாதை இல்லையல்லவா? ஜெபம் நீளும். கிளச் புகையும். இஞ்சின் உறுமலில் ஜெபத்தில் ஒரு சொல்லும் அவர் காதில் விழாது. வருடத்துக்கு வருடம் அது நீண்டுகொண்டே போவது மட்டும் தெரியும்.

போன வருடம் அந்தக் கோரம் நடந்தேவிட்டது. ஆமென் வருவதற்குள் கிளச் உயிரை விட்டது. படகும் ஜீப்பும் கைகோத்தபடி கடலுக்குள் இறங்கின. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த ஜபாரைப் பார்த்து, சம்மாட்டியாரின் மகன் றொபின்சன் சொன்னான்:

“நானா, அடுத்த கச்சானுக்கும் இப்பிடி எண்டா நாங்க ட்ரக்டர் பிடிக்கிறம். குறை நினைக்காதீங்க.”

அந்தச் சொல் ஜபாரின் நெஞ்சைப் பிளந்தது. ட்ரக்டர்! அவர் நேரே பாலாவிக்குப் போய் மெக்கானிக் றிஸ்வி பாஸின் கராஜில் நின்றார்.

“பழைய மாதிரிக் கிளச் போடவா, லொறிக்குப் போடுற கனத்த சாமான் போடவா?” என்று கேட்டார் பாஸ்.

“கனத்தது தாங்குமா?”

“கப்பலையே இழுக்கும் நானா. உங்கட கால் தாங்குமாண்டுதான் எனக்குத் தெரியாது.”

ஒரு வாரம் ஜபாருக்குச் சோறு இறங்கவில்லை. பழையதா, கனத்ததா? ஷிஹாரா கறி ஊற்றியபடியே கேட்டாள்:

“ஹேண்ட்பிரேக் கேபிளைப் போட்டா என்னா?”

“அது பொம்புளையள்ற காருக்கு.”

“அப்ப டயருக்குப் பின்னுக்கு ஒரு கல்லையாச்சும் வைங்களேன்.”

“கல்லா? நான் என்ன மாட்டு வண்டியா ஓட்டுறன்? றொபின்சன் சிரிப்பான்டி!”

கடலில் மிதந்தபோது சிரித்ததை விடவா என்று அவள் கேட்கவில்லை. அவர் தட்டிலிருந்த ஒரு மீன் துண்டை மட்டும் திரும்பச் சட்டிக்குள் போட்டாள்.

கனத்த கிளச்சே ஏறியது. பெடலை மிதிப்பது சீமெந்து மூட்டையை ஒற்றைக் காலால் தள்ளுவது போல இருந்தது. ஜபார் பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்ல சாமான்” என்றார்.

இந்த வருடக் கச்சான் எழும்பியது. களப்புப் பக்கம் உம்மா வீட்டுக்குப் போக, ஷிஹாராவும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். சீட்டுக்கு அடியில் எதையோ தள்ளியதை ஜபார் கவனிக்கவில்லை.

முதல் படகு சுருவக்கூட்டில் நின்றது. சம்மாட்டியார் கண்ணை மூடினார். ஜபாரின் இடது கால் முதலில் விறைத்தது, பிறகு நடுங்கியது, பிறகு வாழை இலை போலப் படபடத்தது. “யா அல்லாஹ்!” என்றார். கால் வழுக்கியது. கனத்த கிளச் கடித்த கடியில் ஜீப் பாய்ந்தது. கண்மூடி நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் படகு தனியே ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வலைகள் வழி நெடுகச் சிதறின.

றொபின்சன் ஓடி வந்தான். “இன்னும் ஒரு படகுக்குத்தான் பாப்பன் நானா. அதிலயும் ஏதும் நடந்தா நான் ட்ரக்டருக்குக் கோல் எடுப்பன்.”

இரண்டாவது படகு நடுச்சரிவுக்கு வந்ததும் ஷிஹாரா இறங்கினாள். சீட்டுக்கு அடியிலிருந்து, வீட்டில் உடைந்து கிடந்த அம்மியின் பாதியை இழுத்தெடுத்துப் பின் டயருக்குப் பின்னால் முட்டாக வைத்தாள்.

“இஞ்சினை நிப்பாட்டுங்க.”

“ஆக்கள் பாக்குறாங்கடி…”

“பாக்கட்டும். காலை எடுங்க.”

எடுத்தார். ஜீப் கல்லில் சாய்ந்து நின்றது. இஞ்சின் ஓய்ந்தது. ஜபார் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜெபத்தைக் கேட்டார்.

“தாயே அன்னம்மாளே, ஜபார் தம்பியின்ர ஜீப் பத்தி எரியாமல் காத்தருளும். அவன்ர கிளச்சுக்குப் பலம் குடும். அவன்ர இடது காலுக்குப் பலம் குடும். போன முறை போலக் கடலுக்க போகாமல்…”

சம்மாட்டியார் சட்டென்று ஜெபத்தை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“தம்பி, புகை வரேல்லையே?”

“இல்ல சம்மாட்டியார்.”

“எல்லா வருசமும் அந்தப் புகை அடங்கட்டும் எண்டுதானே இழுத்து இழுத்துச் சொல்லுறன்! இனி என்னத்தைக் கேக்கிறது? ஆமென்.”

படகு ஆடாமல் ரோட்டில் ஏறியது. றொபின்சன் ஃபோனைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, “மிச்சப் படகுகளையும் இப்பிடியே எடுங்க நானா” என்றான்.

ஜபார் இறங்கி வந்து, பொனட்டைத் தட்டி, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பாத்தீங்களா? கனத்த கிளச் போட்டா ஜெபமும் சுருங்கிடும்.”

ஷிஹாரா அம்மிப் பாதியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, ஜீப்பில் ஏறி, அடுத்த படகுக்காக அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.