கிணற்றுக்குள் வைடா, மேக்ரோவா?

தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கேமராவை ஆரணியில் உட்கார்ந்துகொண்டு தேடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆறு உண்டு; நல்ல மழை பெய்த வருடம் அதில் தண்ணீரும் உண்டு. நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, இடையிடையே பட்டுக்கடைகளுக்குப் புடவைப் படம். இதில் எதற்கும் நான் நனைய வேண்டி வந்ததில்லை.

என்னை நனைய வைத்தது என் மனைவியின் சிவப்பு. அவள் சாயப்பட்டறை நடத்துகிறாள். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை, அடுப்பு, குனிந்து பார்த்தால் ஆளே விழுந்துவிடும் அளவுக்கு அகலமான பாத்திரங்கள், அவ்வளவுதான். பட்டு நூலைக் கொம்பில் மாட்டிக் கொதிக்கும் சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கி எடுப்பாள். மணிக்கட்டு வரை அவள் கை வாரத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும். அவளுக்கு நூல் கொடுப்பவர் ஒரே ஒரு முதலாளி. அவள் சாயம் ஏற்றிய நூலைத் தறிகளுக்குக் கொடுத்து, புடவையாக வாங்கி விற்பவர்.

அவரிடம் சிவப்புப் புடவை வாங்கிய வெளியூர் அம்மா ஒருத்தர் அதை வாளியில் முக்கினார். வாளித் தண்ணீர் சிவந்தது. அதை வீடியோ எடுத்துப் போட்டார். ஆரணியில் போன் வைத்திருந்த எல்லோருக்கும் அது வந்து சேர்ந்தது, எனக்கு என் மாமியாரே அனுப்பினார்.

என் மனைவி மட்டும் அதைப் பதற்றமில்லாமல் பார்த்தாள். "வாளி ஓரத்துல பாருங்க. இன்னொரு துணி கீது. செவப்பு உள்பாவாடை. அதுதான் சாயம் வுட்டுகினு இருக்குது" என்றாள். உண்மைதான், ஒரு நுனி தெரிந்தது. ஆனால் வீடியோ பார்க்கிறவர்களில் யார் ஓரத்தைப் பார்க்கிறார்கள்?

முதலாளி நேரில் வந்தார். "நான் உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. ஊரு பேசுது. கொஞ்ச நாளைக்கு நூல வேற எடத்துல குடுக்கறேன், தப்பா நெனச்சிக்காத" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் போனார். காபி குடிக்காமல் போனதைத்தான் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். பட்டறை அடுப்பு அணைந்தது. அவள் கை மெதுவாகத் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதே சிவப்பு நூலில் நெய்த இன்னொரு புடவையைத் தெளிந்த தண்ணீருக்குள் விரித்து, உள்ளே இருந்தே படமெடுத்து, ஒரு துளி சாயம்கூடப் போகவில்லை என்று காட்டிவிட்டால்?

"அதுக்கு எதுக்குங்க உள்ள போவணும்? ஒரு வாளில முக்கிக் காட்டினா போதாதா?" என்றாள்.

"வாளிய எவன் நம்புவான்? அந்தம்மாவும் வாளிதான காட்டினாங்க?"

அவள் சரி என்றாள். முதலாளியும் ஒப்புக்கொண்டார். படத்தில் புடவை சுத்தமாகத் தெரிந்தால் நூல் அவளுக்கே திரும்பி வரும் என்று வாக்குக் கொடுத்தார். கடல் ஆமை படமெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து எனக்கு வெகுநாளாகவே இந்த ஆசை உள்ளுக்குள் இருந்தது என்பது வேறு விஷயம். அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு நான் படித்த படிப்பு இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் இன்று கலெக்டர். தண்ணீருக்குள் கேமராவை இறக்க அதற்கு ஒரு கெட்டிப் பெட்டி வேண்டும். பெரிய கேமராவுக்கான பெட்டியின் விலை கேமராவின் விலையையே கேலி செய்கிறது. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அகலமாக எடுக்கும் வைடு என்றால் அரைக்கோளம் போல உப்பிய கண்ணாடி, பொடிப்பொருளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ என்றால் தட்டைக் கண்ணாடி. இறங்குவதற்கு முன்பே ஒன்றை மாட்டிவிட வேண்டும். உள்ளே போனபின் மனசு மாறினால் மேலே வந்துதான் ஆகவேண்டும்.

அதோடு தண்ணீர் வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பைத்தான் முதலில் விழுங்குமாம். ஆழம் போகப் போகச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும், அதனால் கையோடு விளக்கு கொண்டுபோக வேண்டும் என்று போட்டிருந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்போ எல்லா செவப்பும் தண்ணிக்குள்ள போவுதுன்னு புஸ்தகத்துலயே கீதா?"

"சாயம் போவாது. வெளிச்சம்தான் போவும்."

"வெளிச்சம் போச்சின்னு மொதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு வைடுதான். புடவை முழுவதும் தண்ணீரில் விரிந்து மிதக்க வேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். அவளுக்கு மேக்ரோ. அந்தப் புடவையில் உடல் சிவப்பு, பார்டர் வெள்ளை. "செவப்பும் வெள்ளையும் சேர்ற எடத்த கிட்டக்க எடுங்க. சாயம் போச்சின்னா மொதல்ல வெள்ளைதான் காட்டிக் குடுக்கும்" என்பது அவள் கட்சி. முதலாளியைக் கேட்டோம். இரண்டும் வேண்டும், கூடவே கடைப் பெயரும் தெரிய வேண்டும் என்றார்.

வாடகைக்கு எடுக்கச் சென்னை போனேன். கடலுக்குள் குதிக்கிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கடை அது. வெயிலில் கறுத்த, தலைமுடி செம்பட்டையான ஒரு பெண் இருந்தாள்.

"எந்தக் கடல் சார்?"

"கெணறுங்க."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "கெணத்துல என்ன எடுக்கப் போறீங்க? மீனா?"

"பொடவைங்க."

"யாரு கட்டிகினு இருப்பாங்க?"

"யாரும் கட்டலைங்க. அது சும்மா இருக்கும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நல்ல பெண். எங்கள் வீட்டு வைடு, மேக்ரோ சண்டையைக் கேட்டுவிட்டு ஒரு சின்னக் கேமராவும் அதன் பெட்டியும் எடுத்து வைத்தாள். பெட்டியின் மூக்கில் வைடு லென்ஸை மாட்டலாம், தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிட்டு மேக்ரோ லென்ஸை மாட்டலாம், குடும்பத்துக்கு நல்லது என்றாள். பெட்டியின் பின்கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதைக் காட்டி விரலை ஆட்டினாள். "எல்லாமே இதுலதான் சார் இருக்கு. ஒரு முடி, ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் தண்ணி உள்ள வந்துடும். மொதல்ல காலிப் பெட்டியத் தண்ணில முக்கி டெஸ்ட் பண்ணுங்க." ரப்பருக்குப் பூச ஒரு பசையும் கொடுத்தாள்.

சொன்னபடியே செய்தேன். பட்டறைத் தொட்டியில் காலிப் பெட்டியை முக்கி, கல் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. முதலாளியை வரவழைத்துக் காட்டினேன். எல்லோருக்கும் திருப்தி.

திருப்தியானால் எங்கள் வீட்டில் அடுத்து என்ன நடக்கும்? பூஜை. புதுத் தறியோ, புது பைக்கோ, மிக்ஸியோ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. வாடகைப் பொருள்தானே என்றேன். "வாடகைக் கார்னா எலுமிச்சம்பழம் வெக்க மாட்டாங்களா?" என்றார் முதலாளி. என் மனைவி சூடம் காட்டினாள். சந்தனத்தைக் குழைத்து, கண்ணாடியின் நடுவில் வைக்கப் போனாள். நான் அலறினேன்.

"கண்ணாடில வெக்காத! படம் கெட்டுடும்!"

"பின்ன எங்க வெக்கறதாம்?"

பெட்டியின் பின்கதவு திறந்திருந்தது. அப்போதுதான் பசை பூசிய ரப்பர் வளையம் பளபளவென்று மின்னியது. அதையொட்டிய விளிம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். மூவரும் கும்பிட்டோம். நான் கேமராவை உள்ளே வைத்துக் கதவை அழுத்தி மூடினேன். அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன்.

தேவிகாபுரம் போகும் வழியில் தெரிந்தவர் ஒருவருடைய நிலத்துக் கிணறு. படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைத் தெளியவிட்டிருந்தார். கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துவைத்த வெள்ளை வேட்டி சட்டையோடு முதலாளி உட்கார்ந்திருந்தார். என் மனைவி இடுப்பளவு தண்ணீரில் படியில் நின்று புடவையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். மறுதலைப்பில் துணி சுற்றிய கல்லைக் கட்டி இறக்கினோம். கடல் ஆட்கள் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவார்கள். நான் மணல் மூட்டை கட்டிக்கொண்டேன். நிலத்துக்காரர் போனை நீட்டி என்னைப் படமெடுத்தார்.

முங்கினேன். முதலில் வைடு. புடவை தண்ணீரில் அப்படி விரியும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் மூச்சுவிட வேண்டும் என்பதே மறந்து, தண்ணீர் குடித்து, மேலே வந்து இருமினேன். மறுபடி முங்கி, லென்ஸை மாற்றி, சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்துக்குப் போய்க் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று.

மூன்றாவதற்குத் திரையைப் பார்த்தபோது ஓரத்திலிருந்து சிவப்பு கசிந்தது. புகை மாதிரி சுருண்டு வந்து வெள்ளை பார்டரின் மேல் படர்ந்தது. திரை முழுவதும் சிவந்தது.

போச்சு, அந்த அம்மா சொன்னது நிஜம், இவள் சாயம் போகிறது என்றுதான் நினைத்தேன். அதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிணற்றுக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

"பேட்டரி போயிடுச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"பேட்டரி போனா இன்னா, எடுத்த வரைக்கும் கார்டுல இருக்குமில்ல?" என்று முதலாளி கைநீட்டி வாங்கிக்கொண்டார். நான் தடுப்பதற்குள் பெட்டியை மடியில் வைத்துக் கொக்கியை நெம்பிவிட்டார். உள்ளேயிருந்து சிவப்புத் தண்ணீர் குபுக்கென்று அவர் வேட்டியில் கொட்டியது.

"அய்யய்யோ! கேமராக்குள்ள வரைக்கும் சாயம் போயிருக்குதே!"

வேடிக்கை பார்க்க வந்து சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதை நம்பினார்கள். நானும்தான்.

என் மனைவி சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். மொத்தப் புடவையையும் வாரி, முதலாளியின் மடியில், சிவக்காத பக்கத்துத் தொடையில் போட்டாள். அவர் குளிரில் துள்ளினார். அவள் விடவில்லை. அங்கேயே வைத்துப் பிழிந்தாள். தண்ணீர் தண்ணீராகவே வழிந்தது. புடவையை எடுத்தபோது வேட்டியின் அந்தப் பாதி வெள்ளைவெளேரென்று இருந்தது. பிறகு சிவந்த பாதியை விரலால் தொட்டு அவர் மூக்கருகே நீட்டினாள்.

"இன்னா வாசனங்க?"

"சந்தனம்" என்றார் முதலாளி. சொன்னபின் அவர் முகம் மாறிய வேகத்தை நான் எந்தக் கேமராவிலும் பிடித்திருக்க முடியாது. "நம்ம வெச்ச பொட்டா?"

"அந்தப் பொட்டேதான்."

அவர் சிரிக்க ஆரம்பித்து, குனிந்து தன்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இந்தக் கோலத்துல பஸ் ஸ்டாண்டு வழியா எப்பிடிப் போறது? பேஜாராப் போச்சே!"

கேமரா செத்துவிட்டது. சென்னைப் பெண்ணிடம் போனில் உண்மையைச் சொன்னேன். மணலா, முடியா என்று கேட்டவள் குங்குமம் என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நான் கட்டியிருந்த முன்பணத்தோடு அந்த உறவு முடிந்தது. கார்டு பிழைத்தது, படங்களும் பிழைத்தன. ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை. நிலத்துக்காரர் கரையிலிருந்து போனில் எடுத்த படம்தான், குங்குமக் கதையோடு சேர்ந்து, ஊரைச் சுற்றியது: என் மனைவி கையில் பிழிந்த ஈரப் புடவை, ஒரு தொடை வெள்ளை, ஒரு தொடை சிவப்பு, நடுவில் வாய் பிளந்த முதலாளி. வாளி வீடியோவை அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வைடும் இல்லை, மேக்ரோவும் இல்லை, கண்ணாடி கீறிய பழைய போன்.

சில நாளில் நூல் மூட்டை வந்து இறங்கியது. முதலாளியே கொண்டுவந்து, காபி குடித்துவிட்டுப் போனார். மூட்டைக்கு மேலே அந்த வேட்டியும் இருந்தது. கறை போகவே மாட்டேன் என்கிறதாம், முழுசாகச் சிவப்பாக்கித் தந்தால் கோவிலுக்குக் கட்டிக்கொள்வாராம்.

பருத்திக்கு வேறு சாயம் கலக்கி அவள் வேட்டியை முக்கினாள். கொதிக்கவிட்டு, அலசி எடுத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏங்க, தெரையில செவப்பு தெரிஞ்சப்போ, கேமராவ நவுத்திட்டு பொடவைய நேரா பாத்தீங்களா?"

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த புடவை. "இல்ல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சி."

அவள் அதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. "பயம் சரி. பொய் சொன்னதுகூட எனக்காகத்தான்னு தெரியும். ஆனா என் செவப்பு எது, கடையில வாங்கின குங்குமம் எதுன்னு இத்தினி வருஷத்துல உங்களுக்குத் தெரியலயே."

வேட்டியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் நிறமில்லாமல் வழிந்தது. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும், முறுக்குங்க" என்றாள். அவள் கை மணிக்கட்டு வரை மறுபடி சிவந்திருந்தது.