மூன்று துண்டுப் புல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டின ஒரு வீட்டில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் என் பெண்சாதியும் அந்த வீட்டுக் கொல்லையில் ஓர் அறையில் இருந்தோம். அவள் சமையல். வீட்டுக்காரர் அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் பெங்களூரில்.

வீட்டுக்கு முன்னால் புல்தரை. அதற்கப்பால் சவுக்கு. அதற்கப்பால் கடல். அந்த வீட்டு அம்மா விடிந்ததும் செருப்பில்லாமல் புல்லில் நடப்பார். பிறகு கடற்கரைக்குப் போவார். சுனாமி வந்த அன்றும் போனார். திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதைக் கொளுத்திக் காரியத்தை முடிப்பார்கள். ஐயர் வந்து சொன்னார். சார் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ வருவா. வரும்போது வீட்ல ஆள் இருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் வெளியூரில் தங்கினதே இல்லை.

உப்புத் தண்ணீர் ஏறின தரையில் புல் பிழைக்கவில்லை. கொரியன் புல் வாங்கிப் பதித்தேன். செம்மண் கொட்டி மறுபடி பதித்தேன். ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். சில வருஷம் அப்படியே போனது. சார் வாசலில் நாற்காலி போட்டு அந்தக் கருகலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் வந்தாள். பிளாஸ்டிக் புல் போட்டு வீட்டை வாடகைக்கு விடலாம், அப்பா என்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். புல்லுக்கு மட்டும் சார் தலையாட்டினார்.

சென்னையிலிருந்து ஓர் ஆள் வேனில் மூன்று துண்டு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஒரு பாய் அளவு. ஒன்று குட்டை, சுருட்டை, தொட்டால் சொரசொரக்கும். ஒன்று நடுத்தரம், அடியில் காய்ந்த புல் மாதிரி பழுப்பு நூல் வைத்தது. மூன்றாவது விரல் நீளம், பூனை முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது.

"இன்னா அண்ணாத்த, அப்பிடிப் பாக்குற? இதுக்குத் தண்ணி வாணாம், உரம் வாணாம், வெட்டவும் வாணாம்."

"அப்போ நானு?"

"நீயும் வாணாம்" என்று சிரித்தான். "சும்மா சொன்னேன்பா. நீளமா கீறத வாரி வுட்டுக்கினே இருக்கணும். கால் வச்சா படுத்துக்கும். குட்டைக்கு அதுவும் வாணாம். யானை நடந்தாலும் தடம் தெரியாது."

கொஞ்ச நாள் வெயிலில் கிடக்கட்டும், நடந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் பழக்கத்தில் குழாயைப் பிடித்து மூன்றுக்கும் தண்ணீர் விட்டுவிட்டேன். என் பெண்சாதி பார்த்துவிட்டாள்.

"யோவ், பிளாஸ்டிக்குக்குத் தண்ணி வுட்டுக்கினு கீறியே, மொளைக்கும்னா?"

துண்டுகளைச் சுற்றியிருந்த மணலைப் பெருக்கினேன். நீளப் புல்லைத் துடைப்பத்தால் வாரி நிமிர்த்தினேன். கேட்டைப் பூட்டிவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குட்டையில் ஒன்றுமில்லை. பழுப்பிலும் ஒன்றுமில்லை. நீளப் புல்லில் இரண்டு காலடித் தடம். வெறுங்கால். சின்னக் கால். ஈரத்தில் படுத்த புல்லில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. சுற்றிலும் மணல். நான் பெருக்கின கோடு கலையாமல் இருந்தது. மணலில் ஓர் அடியும் இல்லை.

துடைப்பத்துக்குக் கை போனது. எடுக்கவில்லை. பெண்சாதியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து அப்படியே குந்திவிட்டாள்.

"இந்த வூட்ல சாம்பல் போட்டுப் பாக்கலல்ல. அதான்."

எங்கள் ஊர் கருங்குழிப் பக்கம். எங்கள் ஜனத்தில், கருமாதிக்கு முந்தின நாள் செத்தவர் இருந்த அறையில் சாம்பலைச் சலித்துப் பரப்பிக் கதவைச் சாத்துவார்கள். காலையில் திறந்து தடம் பார்ப்பார்கள். உள்ளே பார்த்து இருந்தால் ஏதோ குறை, இன்னும் போகவில்லை. வெளியே பார்த்து இருந்தால் போய்விட்டார். என் அப்பனுக்கு நானே பார்த்தேன். எலித் தடம் மாதிரிதான் இருந்தது.

இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சார் பின்னால் நின்றிருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டார். அவருக்குக் கண்ணில் புரை. செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். தொடவில்லை.

"வந்துட்டா, பாத்தியா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்குச் சரியாத் தெரியல. விரல் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

பெண்சாதி என்னைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் என்று சொல், சார் இங்கே இருந்தால்தான் நமக்குப் பிழைப்பு என்கிற பார்வை. சொன்னால் அவர் அந்த வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டார். அந்த நாற்காலியிலேயே முடிந்துபோவார்.

"சவுக்குப் பக்கம் சார்."

"நல்லாப் பாரு."

"ரெண்டு காலும் கடலப் பாத்துதான் சார் கீது."

"திரும்பி வந்த தடம்?"

"இல்ல சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. ஈரம் காய்ந்ததும் புல் தானாக ஒவ்வோர் இழையாக நிமிர்ந்தது. முதலில் குதிகால் மறைந்தது. பிறகு விரல்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் போய்விட்டது.

"அப்ப வரல" என்றார் சார். "இத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கா. இப்பத்தான் கிளம்பிப் போறா."

அம்மாவின் அறையைத் தினமும் பெருக்கினது நான்தான்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டார். வேன்காரனுக்குக் குட்டைப் புல்லைச் சொல்லச் சொன்னார்.

"பங்களாக்காரங்க அல்லாரும் நீட்டுப் புல்லத்தான் கேப்பாங்க. ஒங்க சார் இன்னா, கால்மிதி மாதிரி கீறதப் புடிச்சிக்கினாரு?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"அவுருக்கு அதான் புடிச்சிது" என்றேன்.

ஐயர் வந்தார். தர்ப்பையில் உருவம் செய்து கடற்கரையில் கொளுத்தினார்கள். கைப்பிடிச் சாம்பல்தான் வந்தது. சார் அதை அலையில் விட்டார்.

புல் போட்டு முடிந்ததும் மகள் காரோடு வந்தாள். சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்தப் புல்லைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. கார் போனதும் நான் குனிந்து பார்த்தேன். அவர் நடந்த தடம்கூட அதில் இல்லை.

"ரெண்டு பேரும் போய்ட்டாங்க" என்றாள் பெண்சாதி. உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள்.