சட்டைமேல் விழுந்த பாடம்

தம்போய் வட்டாரத்தில் குடியிருக்கும் விரிவுரையாளர் லூயிஸ் அய்யாவு கஞ்சர் அல்லர். பக்கத்து வீட்டார் கேட்டால் காரையே கொடுப்பார். மாணவர்களுக்கு நுரை பொங்கத் தே தாரிக் தேநீர் வாங்கித் தருவார். தம்முடைய புள்ளியியல் ஸ்லைடுகளை மட்டும் ஒருவருக்கும் தந்ததில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களையும் அவர் தொடமாட்டார்.

"ஓசியில கிடைக்கிறது பாடமா? பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ருசி பார்க்கக் கொடுக்கிற கெரோப்போக் வறுவல் மாதிரி. அதுல வயிறு நிறையுமா?" என்பார்.

மாணவர்கள் ஸ்லைடுகளைக் கைப்பேசியில் படம் பிடிப்பதைக் கண்ட நாள்முதல் அவர் ஒரு தற்காப்பு முறையைக் கையாண்டார். எவரேனும் கைப்பேசியை உயர்த்தினால், திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே போய் நின்றுகொள்வார். பாடம் அவர் சட்டைமேல் விழும். வியாழக்கிழமைகளில் கல்லூரியில் பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிவது வழக்கம். அன்று சூத்திரங்கள் செம்பருத்திப் பூக்களுக்கிடையே ஒளிந்துகொள்ளும். ஆகவே கடினமான பாடங்களை வியாழனுக்கே ஒதுக்கினார். கோப்புகளுக்குக் கடவுச்சொல்லும் இட்டு, அதை அடிக்கடி மாற்றிவந்தார்.

அவருடைய வேலை ஒப்பந்தம் முடியும் காலம் வந்தது. புதுப்பிக்க வேண்டுமானால், துறைத் தலைவர் கிளாரிசாவின் முன்னிலையில் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். அந்நாளில், கிளாரிசா கடைசி வரிசையில் அமர்ந்திருக்க, லூயிசுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிற்று. ஸ்லைடு இல்லாமல் பாடம் நடத்தி அவருக்குப் பழக்கமே இல்லை. பழைய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

முன்வரிசை மாணவி லோஷினி எழுந்தாள்.

"டென்ஷன் ஆகாதீங்க சார். உங்க ஸ்லைடு எல்லாம் இன்டர்நெட்ல ஃப்ரீயா இருக்கு."

"அலமாக்! யாரு போட்டது?"

"நாங்கதான் லா. பொந்தியான்லேர்ந்து வர்றவங்க பஸ்ல படிக்கணும்ல?"

வேறு வழியில்லை, திறக்கச் சொன்னார். திரையில் ஆளுயரத்துக்கு அவரே தோன்றினார். தொப்பைமேல் மணி வடிவ வளைவு எழும்பி நிற்க, சராசரி மிகச் சரியாகத் தொப்புளில் விழுந்திருந்தது. குச்சியால் தம் வயிற்றையே சுட்டிக்காட்டி லூயிஸ் பாடத்தைத் தொடங்கினார். பாதியில் ஒரு சூத்திரத்தைச் செம்பருத்தி மறைத்தது.

"அடுத்த படம் பாருங்க சார். நீங்க குனிஞ்சு தும்மினப்ப எடுத்தது. அதுல முழுசாத் தெரியும்," என்றாள் லோஷினி.

தெரிந்தது. பாடம் முடிந்தது.

கிளாரிசா எழுந்து வந்து கைகுலுக்கினார். "நம்ம டிபார்ட்மென்ட்ல பாடத்தை ஃப்ரீயா வெளியில விட்ட முதல் ஆளு நீங்கதான், சார். உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிடறேன். இதையெல்லாம் காலேஜ் வெப்சைட்லயும் போடலாமா?"

லூயிஸ் குச்சியை மேசைமேல் வைத்தார்.

"போடுங்க, மேடம். ஆனா என் பேரு கண்டிப்பா இருக்கணும். வேற யாராவது தன்னோடதுன்னு சொல்லிக்குவாங்க."

கிளாரிசா திரையை ஒருமுறை பார்த்தார். "அப்படிச் சொல்றவங்களுக்கு முதல்ல இந்த வயிறு வேணுமே, சார்."

லூயிஸ் இன்றும் புரொஜெக்டரின் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் வியாழனிலும் வெள்ளைச் சட்டையே அணிந்து வருகிறார். படத்தில் எழுத்துத் தெளிவாக விழ வேண்டுமாம்.