திராட்சையில் பார்த்த மாப்பிள்ளை

குற்றாலம் ரோட்டில் எங்கள் மாதா கோயில் சின்னது. நாலு வரிசை உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பீடம் மட்டும் பெரிய இடத்துப் பீடம். பின்சுவர் முழுக்க ஆள் உயரத்துக்குப் பீங்கான் ஓடு. நீலக் கொடி, பச்சை இலை, ஓரத்தில் புடைத்துக்கொண்டு ஒரு திராட்சைக் கொத்து. செய்தவர் திராட்சையைக் கண்ணால் கண்டதில்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை ஓடு. சனிக்கிழமைதோறும் துடைப்பது என் வேலை.

அப்போதெல்லாம் சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பூசை வைப்பார். ஆனாலும் யார் தூங்கினார்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுவார். ஜனங்கள் அதைப் புதுமை, கடவுள் காட்டும் அற்புதம் என்று நினைத்தார்கள். ஓட்டின் பளபளப்பில் எங்கள் முகம் விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். ரயில்வேயில் வேலை. தலை நிமிரக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். காலை மட்டும் பார்த்தேன். அவர்கள் போனதும் அப்பா கேட்டார்.

“என்னட்டி, சம்மதமா?”

“மூஞ்சியப் பாக்கலியே.”

“காலப் பாத்தேல்லா?”

“கால் நல்லாத்தான் இருக்கு. அதுகூடயா பேசிக்கிட்டு இருப்பேன்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “ஞாயித்துக்கிழமை நம்ம பூசைக்கு வருதாவ. முடிஞ்சாப் பாத்துக்கோ. பூசை முடிஞ்சதும் பதில் சொல்லிரணும்.”

அத்தை சேர்த்துக்கொண்டாள். “கோயில்ல ஆம்பளப் பக்கம் திரும்புன, கழுத்த ஒடிச்சிருவேன்.”

திரும்ப வேண்டியதில்லை. என் இடத்திலிருந்து பார்த்தால், ஆண்கள் பக்கம் எந்த இடம் எந்த ஓட்டில் விழும் என்று தெரியும். சாரல் காலம். ஓடெல்லாம் ஈரம் பூத்திருந்தது. விடிந்ததும் போய்த் துடைத்தேன். வெள்ளை ஓட்டில் விழுகிற இடம் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஒரு பாய் விரித்தேன்.

அந்தக் கால் வந்தது. பாய்வரை வந்து நின்றது. மரியாதைக்காரர். பாயை, வேதபாடம் சொல்லும் உபதேசியாருக்கு விட்டுவிட்டுத் தள்ளிப் போனார். வெள்ளை ஓட்டில் உபதேசியார் கொட்டாவி விட்டார்.

தேடினேன். மாப்பிள்ளை திராட்சையில் இருந்தார். ஒவ்வொரு பழத்திலும் ஒரு குட்டி மாப்பிள்ளை. எல்லோருக்கும் பெரிய மூக்கு. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் திரும்பாமல் ஓட்டிலேயே என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் பார்த்ததும் சிரித்தார். கொத்து முழுக்கச் சிரித்தது.

எனக்கும் வந்துவிட்டது. அத்தை தொடையில் கிள்ளினாள்.

“என்னட்டி இளிப்பு?”

“பீடத்தத்தான் பாக்கேன், அத்த.”

வெளியே அப்பா காத்திருந்தார். “பாத்தியா?”

“பழம் பழமாப் பாத்தேன்.”

“என்னட்டி உளறுத?”

“சரின்னு சொல்லிருங்க.”

அடுத்த ஞாயிறு பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசித்தார்கள். முகத்தை முழுசாகப் பார்த்தது கல்யாணத்தன்றுதான். முன்பல் ஒன்று கோணல். திராட்சையில் அது தெரியவில்லை. செங்கோட்டை ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன்.

“பல்லு கோணலா இருக்கே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓட்டுல நீயும் கொஞ்சம் ஒல்லியாத்தான் தெரிஞ்ச.”